“சொல்லு, சொல்லு” என்று கேட்பதைக் கொஞ்ச நாள் நிறுத்துங்கள்

கேள்வி: என் மகனுக்கு இரண்டரை வயது. ஏபிசிடி முழுக்கச் சொல்கிறான். போனில் வரும் ரைம்ஸையும் பாடுகிறான். ஆனால் என்னை “அம்மா” என்று கூப்பிடுவதில்லை. பெயர் சொல்லி அழைத்தாலும் திரும்புவது அபூர்வம். ஏதாவது வேண்டுமென்றால் என் கையைப் பிடித்து இழுத்துப்போய் ஃப்ரிட்ஜ் கதவில் வைக்கிறான். “அவன் அப்பாவும் லேட்டாத்தான் பேசினான்” என்கிறார் மாமியார். இரண்டு மாதமாக ஸ்பீச் தெரபிக்குப் போகிறோம், வாரம் இரண்டு நாள். வீட்டில் நாங்கள் என்ன செய்வது? இனி ஆங்கிலம் மட்டும் பேச வேண்டுமா? ப்ரீகேஜியில் சேர்த்தால் பேசிவிடுவானா? – ஒரு தாய், திருப்பூர்

பதில்: காது பரிசோதனை எடுத்தீர்களா? உங்கள் கடிதத்தில் அது இல்லை. போனில் பாட்டு ஓடினால் ஓடி வருகிறானே, காது நன்றாகத்தானே கேட்கிறது என்று தோன்றும். அதை வைத்து முடிவு செய்ய முடியாது. அடிக்கடி சளி பிடிக்கும் குழந்தைகளுக்கு நடுக்காதில் நீர் கோத்து, பேச்சு மங்கலாகக் கேட்பது உண்டு. காது கேட்கிறதா என்று பார்க்கும் ஓஏஇ, பெரா ஆகிய இரண்டு பரிசோதனைகளும் வலி இல்லாதவை. சின்னக் குழந்தைகளுக்குப் பெராவைத் தூங்கும்போது எடுப்பார்கள். தெரபி ஒரு பக்கம் நடக்கட்டும், இதை உடனே முடித்துவிடுங்கள்.

உங்கள் மாமியார் சொல்வதுபோல் தாமதமாகப் பேசி, பிறகு சரியாகும் குழந்தைகள் உண்டுதான். ஆனால் அவர்களில் பெரும்பாலோர், சொல் வராவிட்டாலும் விரல் நீட்டிக் காட்டுவார்கள், கூப்பிட்டால் திரும்புவார்கள், காக்கையைப் பார்த்துவிட்டு நம் முகத்தையும் பார்ப்பார்கள். உங்கள் மகனிடம் குறைவாக இருப்பது இந்தப் பகுதி. ஏபிசிடி சொல்வது அவன் நினைவாற்றலைக் காட்டுகிறது. அதை இன்னொருவரிடம் எதையாவது சொல்வதற்காக அவன் பயன்படுத்தவில்லை. இரண்டு வயதில் “பால் வேணும்”, “அம்மா வா” என்று தானாக இரண்டு சொல் சேர்க்க வேண்டும் என்பது பொதுவான அளவு. அதனால் காத்திருக்க வேண்டாம்.

இது ஆட்டிசமா என்று கடிதத்தை வைத்துச் சொல்ல மாட்டேன். குழந்தை வளர்ச்சி மருத்துவர் நேரில் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். எம்-சாட் என்ற 20 கேள்விகள் கொண்ட முதல்கட்டச் சோதனை 16 முதல் 30 மாதம் வரையிலான குழந்தைகளுக்கானது. உங்கள் மகன் அதன் கடைசி எல்லையில் இருக்கிறான். தனியார் செலவு கட்டாது என்றால், அரசு மருத்துவமனைகளில் இயங்கும் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்தில் கேளுங்கள். 2013-ல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின் கீழ் அங்கே பரிசோதனையும் பயிற்சியும் இலவசம்.

சரி, வீட்டுக்கு வருவோம். வாரம் இரண்டு தெரபி வகுப்பு போக, மீதி நேரமெல்லாம் அவன் உங்களோடும் பாட்டியோடும்தான் இருக்கிறான். அங்கேதான் பேச்சு வளர வேண்டும். பல வீடுகளில் அந்த நேரம் பரீட்சையாகிவிடுகிறது. “இது என்ன?”, “அம்மா சொல்லு”, “சொன்னாத்தான் பிஸ்கட்.” குழந்தை திணறிப்போய் விலகுகிறது. கேள்வியை நிறுத்திவிட்டு, அவன் செய்வதை நீங்கள் சொல்லுங்கள். கார் உருட்டினால் எதிரே தரையில் உட்கார்ந்து நீங்களும் ஒரு காரை உருட்டுங்கள். “போ… போ… டமால்!” அவ்வளவு போதும். நீளமான வாக்கியம் வேண்டாம்.

அடுத்து, காத்திருப்பது. எனக்குத் தெரிந்து பெற்றோருக்கு மிகக் கடினமான வேலை இதுதான். குளிக்க வைக்கும்போது “ஊத்து” என்று சொல்லித் தண்ணீர் ஊற்றுங்கள். நாலைந்து தடவை ஆனதும் சொம்பைத் தூக்கிப் பிடித்தபடி அவன் முகத்தைப் பாருங்கள். மனசுக்குள் பத்து எண்ணுங்கள். அவன் பார்த்தாலும், சொம்பைத் தொட்டாலும், “ஊ” என்றாலும் அது பேச்சுதான். உடனே “ஊத்து!” என்று ஊற்றிவிடுங்கள். உள்ளங்கையில் பருப்புக் கடைந்து, விரல் விரலாகச் சோறு கொடுத்து, கடைசியில் நண்டு ஊர்ந்து கிச்சுகிச்சு மூட்டுவோமே, அந்த விளையாட்டு இதற்கென்றே செய்ததுபோல் இருக்கும். நண்டு முழங்கையில் நிற்கட்டும். அவன் உங்களைப் பார்க்கும் வரை ஏற வேண்டாம். பாட்டிக்கு இதை விடச் சிறந்த தெரபி வேலை கொடுக்க முடியாது.

ஃப்ரிட்ஜ் விஷயம். உங்கள் கையை அவன் இழுக்கும்போது கோபப்படாதீர்கள், அதுவும் ஒரு கேட்டல்தான். கதவைத் திறந்து, அவன் விரலைப் பிடித்துப் பாலைச் சுட்டிக்காட்ட வைத்து, “பால்” என்று நீங்களே சொல்லிவிட்டுக் கொடுங்கள். முறுக்கை அவனால் திறக்க முடியாத டப்பாவில், கண்ணுக்குத் தெரியும்படி வையுங்கள். டப்பாவைத் தூக்கிக்கொண்டு உங்களிடம் வருவான். வந்ததும் “தொற” என்று சொல்லித் திறங்கள். கேட்காமலே எல்லாம் கைக்கு வந்தால் கேட்பதற்குக் காரணம் இருக்காது. அதற்காக அழ வைக்கவும் கூடாது. கண்ணைப் பார் என்று முகத்தைப் பிடித்துத் திருப்பவும் வேண்டாம்.

போனால்தான் இப்படி ஆகிவிட்டது என்று உங்களையே குற்றம் சொல்லிக்கொள்ளாதீர்கள். ஆனாலும் குறைக்க வேண்டும். இரண்டிலிருந்து ஐந்து வயது வரை ஒரு நாளைக்கு அதிகபட்சம் ஒரு மணி நேரம் என்கிறது இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம். முதலில் சாப்பாட்டு நேரப் போனை நிறுத்துங்கள். சில நாள் அழுவான், குறைவாகச் சாப்பிடுவான். பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆங்கிலம் மட்டும் பேசச் சொன்னது யாராக இருந்தாலும், அதைக் கேட்காதீர்கள். இரண்டு மொழி கேட்பதால் பேச்சு தாமதமாவதில்லை. நீங்கள் கொஞ்சவும் திட்டவும் கதை சொல்லவும் எந்த மொழி தானாக வருகிறதோ அதில் பேசுங்கள். பாட்டியால் பேச முடியாத மொழிக்கு வீடு மாறினால், அவனோடு அதிக நேரம் இருப்பவர் வாயடைத்துப் போவார். வசம்பு, தேன், நாக்கு வழிப்பது இவையும் வேண்டாம்.

தெரபிஸ்ட்டிடம் இரண்டு விஷயம் கேளுங்கள். இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு இருக்கிறதா? வகுப்பில் நான் உள்ளே உட்காரலாமா? கதவைச் சாத்திவிட்டு, முடிந்ததும் “நல்லா பண்ணான்” என்று மட்டும் சொல்லி அனுப்பும் இடம் உங்களுக்குப் பயன்படாது. ஒவ்வொரு வாரமும் வீட்டில் செய்ய ஒரே ஒரு குறிக்கோள் வாங்கி வாருங்கள். “முழுசா குணப்படுத்துவோம்” என்று ஸ்டெம் செல் சிகிச்சைக்கு யாராவது அழைத்தால் போகாதீர்கள். ஆட்டிசத்துக்கு அதைப் பரிந்துரைப்பதில்லை என்று தேசிய மருத்துவ ஆணையமே 2022-ல் சொல்லியிருக்கிறது.

ப்ரீகேஜியில் சேர்ப்பதால் மட்டும் பேச்சு வந்துவிடாது. நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் அவன் ஓரமாக ஒதுங்கிவிடலாம். பிள்ளைகள் குறைவாக உள்ள, விளையாட விடும் இடம் கிடைத்தால் இரண்டு மணி நேரத்துக்கு அனுப்புங்கள். அதுவரை பக்கத்து வீட்டுக் குழந்தை ஒன்றை மாலையில் அழைத்து, ஒரே பந்தை மாற்றி மாற்றி உருட்ட வையுங்கள், நீங்களும் நடுவில் உட்கார்ந்துகொண்டு. சேர்த்த பிறகு டீச்சரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்: தூரத்திலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப மாட்டான், பக்கத்தில் வந்து குனிந்து தோளைத் தொட்டுக் கூப்பிடுங்கள் என்று.