எட்டு வாரங்களில் என்ன நடக்கும் என்று சொல்ல மறுக்கிறார்கள்

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

எனக்கு 19 வயது. மதுரையில் பிளஸ் டூ முடித்துவிட்டு, கடந்த ஆகஸ்ட் முதல் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் ஒரு பல்கலைக்கழகத்தில் இயந்திரப் பொறியியல் படிக்கிறேன். அறைத் தோழன் வெள்ளிக்கிழமை மாலையே தன் ஊருக்குப் போய்விடுவதால், சனி, ஞாயிறுகளில் பெரும்பாலும் தனியாகத்தான் சாப்பிடுகிறேன். ஜனவரியில் என் தளத்தில் இருக்கும் மூன்றாமாண்டு மாணவர் ஒருவர் தம் ஃபிரட்டர்னிட்டி (ஆண் மாணவர் சங்கம்) வீட்டுக்கு இரவு உணவுக்கு அழைத்துச் சென்றார். கிரேக்க எழுத்துகளைப் பெயராகக் கொண்ட அந்தச் சங்கத்தில் நாற்பது பேர். பாதிப் பேர் இந்திய வம்சாவளியினர். இரண்டாம் முறை போனபோது, வாசலில் நின்றவர் என் பெயரைச் சரியாக உச்சரித்துக் கூப்பிட்டார். இங்கு வந்தபின் அன்றுதான் அது முதல் முறையாக நடந்தது. இப்போது சேரச் சொல்லி முறையான அழைப்பு, அவர்கள் வழக்கில் 'பிட்', வந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

சேர்ந்தபின் எட்டு வாரம் 'பிளெட்ஜ்' ஆக, அதாவது முழு உறுப்பினராகும் முன் சோதனைக்கால உறுப்பினராக, இருக்க வேண்டுமாம். அப்போது என்ன செய்யச் சொல்வீர்கள் என்று கேட்டேன். "அதை வெளியே சொல்லக்கூடாது, ஆனால் நாங்கள் எல்லாரும் கடந்து வந்ததுதான், இன்று நினைத்துச் சிரிக்கிறோம்" என்றார்கள். அப்பாவிடம் சொன்னபோது அவர் குரலே மாறிவிட்டது. 1996-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழக மருத்துவ மாணவர் நாவரசு ராகிங்கில் கொல்லப்பட்டபோது, அப்பாவும் வேறொரு கல்லூரி விடுதியில் தங்கிப் படித்தவர். "பெயரை மாற்றினால் அது ராகிங் இல்லை என்றாகிவிடுமா?" என்று கேட்டார். அவர் அளவுக்கு மீறிப் பயப்படுகிறாரா, அல்லது என் ஆசைதான் என் கண்ணை மறைக்கிறதா என்று எனக்குத் தெரியவில்லை.

— பெயர் வெளியிட விரும்பாத மாணவர்

அன்புள்ள தம்பி,

வாசலில் ஒருவர் உங்கள் பெயரைச் சரியாக உச்சரித்தார் என்று நீங்கள் எழுதிய வரியை நான் திரும்பத் திரும்பப் படித்தேன். ஐந்து மாதத் தனிமைக்குப் பிறகு அந்த ஒரு அழைப்பு எவ்வளவு ஆறுதலாக இருந்திருக்கும் என்பது எனக்குப் புரிகிறது. அதற்காக ஏங்குவதில் வெட்கப்பட எதுவும் இல்லை. அங்கே உங்களுக்குக் காட்டப்பட்ட அன்பு பொய் என்றும் நான் சொல்ல மாட்டேன்.

உங்கள் அப்பாவின் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. நாவரசுவின் கொலைக்குப் பிறகுதான் தமிழ்நாட்டில் 1997-இல் ராகிங் தடைச் சட்டம் வந்தது. நீங்கள் இருக்கும் ஒஹாயோவிலும் அப்படித்தான்: 2021 மார்ச்சில் பௌலிங் கிரீன் பல்கலைக்கழகத்தில், ஃபிரட்டர்னிட்டியில் புதிதாகச் சேர்ந்த 20 வயது மாணவர் ஒருவர், சடங்கு என்ற பெயரில் ஒரு முழுப் புட்டி மதுவைக் குடிக்க நேர்ந்து இறந்துபோனார். அவருக்கு முன்பே, 2018-இல் இறந்த காலின் என்ற வேறொரு மாணவருக்காகப் போராடியவர்கள் கேட்டுக்கொண்டிருந்த, இத்தகைய துன்புறுத்தலுக்கு எதிரான 'காலின் சட்டம்' அதன் பின்னரே, 2021 ஜூலையில் கையெழுத்தானது. ஆனால் ராகிங்குக்கும், அங்கே 'ஹேசிங்' என்று சொல்லப்படுவதற்கும் ஒரு வேறுபாடு உண்டு. ராகிங் விடுதியில் கால் வைத்த எவர் மீதும் விழுகிறது. ஆகவே பாதிக்கப்பட்டவர் கோபப்படவாவது முடிகிறது. ஹேசிங்கிலோ, நீங்களே விரும்பிக் கையெழுத்திட்டு, உங்களைச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று காத்திருக்கும் நிலையில், அந்தச் சேர்க்கையைத் தரப்போகிறவர்களே துன்புறுத்துகிறார்கள். 'வேண்டாம்' என்ற சொல் அங்கே தொண்டையிலேயே நின்றுவிடுகிறது.

"இன்று நினைத்துச் சிரிக்கிறோம்" என்று அவர்கள் சொன்னதை நான் நம்புகிறேன். அதுதான் எனக்குக் கவலையளிக்கிறது. 1959-இல் எலியட் ஆரன்சன், ஜட்சன் மில்ஸ் என்ற இரு உளவியலாளர்கள் ஓர் ஆய்வு செய்தார்கள். ஒரு கலந்துரையாடல் குழுவில் சேர வந்த கல்லூரி மாணவியரில் சிலரைக் கடுமையாகக் கூசவைக்கும் சொற்களை உரக்கப் படிக்கச் செய்தார்கள், சிலருக்கு லேசான தேர்வு, சிலருக்கு எதுவுமில்லை. பிறகு எல்லாரையும் வேண்டுமென்றே சலிப்பூட்டும்படி அமைத்த ஓர் உரையாடலைக் கேட்கச் செய்தபோது, கடுமையான தேர்வைக் கடந்தவர்களே அதை மற்றவர்களைவிட மிக நன்றாக இருந்ததாக மதிப்பிட்டார்கள். பட்ட அவமானம் வீண் என்று ஒப்புக்கொள்ள மனம் விரும்புவதில்லை. எனவே, சேர்ந்து பார்ப்போம், பிடிக்காவிட்டால் மூன்றாம் வாரத்தில் விலகிவிடலாம் என்று நீங்கள் எண்ணினால், மூன்றாம் வாரத்தில் உங்கள் மனமே அவர்கள் பக்கம் நின்று வாதாடும். தெளிவாக யோசிக்கக்கூடிய நேரம் கையெழுத்திடும் முன்பு இருக்கும் இந்தச் சில நாட்கள்தான்.

பாதிப் பேர் இந்திய வம்சாவளியினர் என்பதைப் பாதுகாப்பாகவும் கொள்ள வேண்டாம். 2013 டிசம்பரில் பென்சில்வேனியாவின் போகோனோ மலைப்பகுதியில், ஆசிய அமெரிக்க மாணவர்களுக்கென்றே அமைந்த ஃபிரட்டர்னிட்டி ஒன்றின் சடங்கில், கண்ணைக் கட்டி, முதுகில் மணல் மூட்டை சுமக்கவைத்து, ஒரு புதிய மாணவரைத் திரும்பத் திரும்பத் தள்ளி வீழ்த்தினார்கள். அவர் மயங்கி விழுந்தபின்னும் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லவில்லை, அவர் இறந்துபோனார். அவரை வீழ்த்தியவர்களும் அதே சங்கத்தின் பிள்ளைகள்தான்.

எல்லாச் சங்கங்களும் இப்படியல்ல. படிப்புக்கும் வேலைக்கும் ஆயுள் முழுவதுக்குமான நட்புக்கும் வழி செய்யும் இல்லங்கள் உண்மையாகவே இருக்கின்றன. உங்கள் இல்லம் எந்த வகை என்பதை அறிய வழியும் இருக்கிறது. ஹேசிங் விதிமீறல்களை எந்த மாணவர் அமைப்பு செய்தது என்பதைப் பல்கலைக்கழகங்கள் வெளியிட வேண்டும் என்று 2024 டிசம்பரில் அமெரிக்காவில் கூட்டாட்சிச் சட்டம் வந்திருக்கிறது. ஒஹாயோவின் காலின் சட்டமும் அதையே கேட்கிறது. உங்கள் பல்கலைக்கழக இணையதளத்தில் அந்த அறிக்கையைத் தேடி, இந்தச் சங்கத்தின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். சென்ற ஆண்டு பிளெட்ஜாக இருந்து பாதியில் விலகியவர் யாராவது இருந்தால் தனியாகச் சந்தித்துப் பேசுங்கள். உள்ளே இருப்பவர்கள் சொல்லாததை அவர் சொல்வார். இன்னொன்று: அங்கே 21 வயதுக்கு முன் மது அருந்துவது குற்றம். மாணவர் விசாவில் இருக்கும் உங்களுக்கு, ஒரு கைது என்பது உடன் இருக்கும் அமெரிக்க மாணவருக்கு இருப்பதைவிடப் பெரிய சிக்கலாக முடியலாம்.

எட்டு வாரத்தில் என்ன நடக்கும் என்று சொல்ல மறுக்கும் இடத்தில் கையெழுத்திட வேண்டாம் என்பதே என் கருத்து. ஞாயிற்றுக்கிழமை அந்த மூன்றாமாண்டு மாணவரிடம் நேரில் சென்று, "எனக்கு உங்கள் எல்லாரையும் பிடித்திருக்கிறது, ஆனால் என்ன செய்யச் சொல்வீர்கள் என்று தெரியாமல் என்னால் ஒப்புக்கொள்ள முடியாது, ஆகஸ்டில் மீண்டும் கேட்கலாமா?" என்று சொல்லுங்கள். அதன்பின்னும் அவர் உங்களைச் சாப்பிட அழைக்கிறாரா என்று கவனியுங்கள். இதற்கிடையில் தனிமைக்குத் தனியாக வழி தேட வேண்டும். பல்கலைக்கழகத்தின் ஆலோசனை மையத்தில் இந்த வாரமே நேரம் கேளுங்கள், இயந்திரப் பொறியியல் மாணவர்கள் கார் கட்டும் குழு வைத்திருந்தால் ஒரு மாலை அங்கே போய் நில்லுங்கள். அப்பாவிடம் ஃபிரட்டர்னிட்டியைப் பற்றி மட்டும்தான் பேசியிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். சனிக்கிழமைகளில் தனியாகச் சாப்பிடுகிறீர்கள் என்பதையும் அவரிடம் சொல்லுங்கள்.