பஸ் டிக்கெட் வைத்த பக்கம்

கேள்வி: என் வயது 58. மகனுக்குக் கல்யாணமாகி நான்கு வருடம் ஆகிறது. மருமகள் வேலைக்குப் போகவில்லை. மத்தியானம் ஆனால் போதும், குடும்ப நாவல்தான். வாடகை நூலகத்திலிருந்து வாரம் நான்கு எடுத்து வருகிறாள். எல்லாம் காதல், தாய்ப்பாசம் என்று போகும் கதைகள். படித்துவிட்டு அழுகிறாள். அதையும் முழுசாகப் படிப்பதில்லை. எதை எடுத்துப் பார்த்தாலும் கடைசி அத்தியாயத்துக்கு முன்னால் ஒரு பஸ் டிக்கெட்டைச் செருகி மூடியிருக்கிறாள், அப்படியே திருப்பிக் கொடுத்துவிடுகிறாள். எங்கள் காலத்தில் இந்தக் குப்பையெல்லாம் கிடையாது. குழந்தை இல்லையே என்ற கவலையும் அவளுக்கு இல்லை. மூன்று டாக்டரிடம் காட்டியாயிற்று. குழாயில் மருந்து செலுத்தி எக்ஸ்ரேகூட எடுத்தோம், குறை ஒன்றும் இல்லை என்கிறார்கள். இந்த நாவல் பைத்தியத்தை எப்படி நிறுத்துவது?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கும்பகோணம்

பதில்: நாவல் கிடக்கட்டும் அம்மா. அந்த பஸ் டிக்கெட்டைப் பற்றிப் பேசுவோம்.

அவள் எதையும் உருப்படியாக முடிக்கமாட்டாள் என்று காட்ட அதை எழுதியிருக்கிறீர்கள். ஒரு புத்தகம் என்றால் பிடிக்காமல் மூடிவிட்டாள் எனலாம். எல்லாப் புத்தகத்திலும் அதே இடத்திலா? டிக்கெட்டைப் பார்த்த கையோடு அடுத்த பக்கத்தையும் புரட்டியிருக்கலாமே. இந்த மாதிரி நாவல்களை நூற்றுக்கணக்கில் படித்தவள் நான், சொல்கிறேன் கேளுங்கள். அடுப்படியில் நிற்கும்போது கதாநாயகிக்குத் தலை சுற்றும். ஓடிப் போய் வாந்தி எடுப்பாள். பத்து அத்தியாயமாக வார்த்தையால் குத்திக்கொண்டிருந்த மாமியார் திடீரென்று கண் கலங்கி, 'என் குலம் விளங்க வந்தவளே' என்று கட்டிக்கொள்வாள். வளைகாப்பு, வளையல் சத்தம், முற்றும்.

அந்தக் கதைகளில் மாமியாருக்கு மனசு இளகுவது மருமகள் உண்டான பிறகுதான். உங்கள் மருமகள் அதற்கு முந்தின பக்கத்தோடு நின்றுவிடுகிறாள். நான்கு வருடமாக உங்கள் வீட்டிலும் அந்தப் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருக்கிறாள். அவளுக்குக் கவலையே இல்லை என்று எழுத உங்களுக்குக் கை எப்படி வந்தது?

'எங்கள் காலத்தில் கிடையாது' என்பதை மட்டும் என்னிடம் சொல்லாதீர்கள். 1980-களின் நடுவில் உங்களுக்குப் பதினேழு, பதினெட்டு வயது இருக்கும். ராணிமுத்துவும் மாலைமதியும் வீட்டுக்கு வீடு கைமாறிய காலம் அது. குடும்பக் கதைகளாகவே எழுதிக் குவித்த லக்ஷ்மிக்கு 1984-ல் சாகித்திய அகாடமி விருது கிடைத்தது. திரிபுரசுந்தரி என்ற அந்த அம்மாள் ஒரு டாக்டர், தெரியுமோ? கதை எழுதிச் சம்பாதித்த பணம்தான் அவர் மருத்துவப் படிப்பை முடிக்கக் கைகொடுத்தது. நீங்கள் ஒன்றைக்கூடத் தொடாமல் புகுந்த வீட்டுக்கு வந்தீர்கள் என்றால், சரி, நம்பி வைக்கிறேன்.

எனக்கும் இந்தக் கதைகள் மேல் கோபம் உண்டு. பெண்ணுக்குப் பிள்ளை உண்டாகிவிட்டால் குடும்பத்தின் எல்லாப் பாவமும் கழுவப்பட்டுவிடும் என்று மாதாமாதம் எழுதினால் உண்டாகாதவள் எங்கே போவாள்? ஆனால் அந்தக் கேள்வி எழுதுகிறவர்களுக்கு. உங்களுக்கு வேறு கேள்வி வைத்திருக்கிறேன்.

உங்கள் மகன் எங்கே? கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். 'மகனுக்குக் கல்யாணமாகி' என்ற இடத்துக்கு அப்புறம் ஆளையே காணவில்லை. மூன்று டாக்டரும் அவளுக்கு. எக்ஸ்ரேயும் அவளுக்கு. அந்த எக்ஸ்ரே சும்மா படுத்து எழுந்து வருகிற சமாசாரமா? பலருக்கு அடிவயிற்றைப் பிடித்து இழுக்கும் வலி. அதற்கு முன்னால் உங்கள் மகனுக்கு விந்துப் பரிசோதனை நடந்திருக்க வேண்டும். இரண்டு முதல் ஏழு நாள் தாம்பத்தியம் இல்லாமல் இருந்துவிட்டு மாதிரி கொடுத்துவிட்டு வரவேண்டும், அவ்வளவுதான். ஊசிகூடக் கிடையாது. ஒரு வருடம் முயன்றும் கரு உண்டாகவில்லை என்றாலே குழந்தையின்மை என்று கணக்கில் எடுக்கிறது உலக சுகாதார நிறுவனம். நீங்கள் நான்கு வருடமாக ஒருத்தியை மட்டும் அலைய வைத்திருக்கிறீர்கள். பிள்ளையில்லாத தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் ஆண் பக்கத்திலும் காரணம் இருக்கிறது. விதைப்பையில் ரத்தக்குழாய் புடைத்துக்கொள்வது, புகையிலை, தொற்று என்று பல. பலவற்றுக்கு வைத்தியமும் உண்டு. முதல் ரிப்போர்ட் சரியில்லை என்றால் மறுபடி எடுத்துப் பார்ப்பார்கள். விந்தணு உருவாகி முதிர இரண்டரை மாதம் போல ஆகும், ஆகையால் மருந்து ஆரம்பித்த மறுவாரமே பலன் கேட்காதீர்கள்.

நான் பழைய காலத்து ஆள். மாமியாரும் மருமகளும் ஒரே அடுப்பில் சமைக்க வேண்டும் என்று இன்றைக்கும் நினைப்பவள். தனிக்குடித்தனம் போ என்று இந்தப் பகுதியில் சுலபத்தில் யாருக்கும் எழுதியதில்லை. பெரியவர்களுக்கு வீட்டில் அதிகாரம் இருக்க வேண்டும் என்பதும் என் கட்சிதான். அந்த அதிகாரத்தை மருமகள் கையிலிருக்கும் புத்தகத்தின் மேல் காட்டி என்ன பயன்? 'டெஸ்ட்டுக்கு வாருங்கள்' என்று மனைவி சொன்னால் அது சண்டையில் முடியும். பெற்றவள் சொன்னால் முணுமுணுத்துக்கொண்டாவது வருவான். அதைச் சொல்லாமல் நான்கு வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தது உங்கள் தப்பு. மகனுடைய மானம் போய்விடும் என்று பயந்தீர்கள், அவளுடைய மானத்தை மூன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார வைத்தீர்கள்.

இந்த வாரமே மகனிடம் பேசுங்கள். அவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வேண்டாம். முடிவு எப்படி வந்தாலும் அதை அக்கம்பக்கத்துக்கோ உங்கள் நாத்தனாருக்கோ சொல்ல வேண்டாம். நூலகத்துப் புத்தகத்தைத் தொடாதீர்கள். டிக்கெட் இருக்கிற பக்கத்திலேயே இருக்கட்டும்.