எஞ்சின் சூடாகவில்லை, எச்சரிக்கை ஓயவில்லை: புதிய காருக்குச் சட்டப் பரிகாரம் உண்டா?

கேள்வி: ஐயா, நான் தலவாக்கலையில் வசிக்கிறேன். ஏழு மாதங்களுக்கு முன் கொழும்பிலுள்ள விற்பனை நிறுவனம் ஒன்றில் புத்தம்புதிய கார் ஒன்றை லீசிங்கில் எடுத்தேன். கினிகத்தேனை ஏற்றத்தில் எஞ்சின் அதிகமாகச் சூடாகிவிட்டதாகவும் வாகனத்தை உடனே நிறுத்தும்படியும் சிவப்பு எச்சரிக்கை அடிக்கடி வருகிறது. நிறுத்திப் பார்த்தால் எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் திரவம் குறையவில்லை, கொதிப்பும் இல்லை. நிறுவனத்தில் இரண்டு தடவை "பழுது எதுவும் இல்லை" என்றார்கள். சென்ற மாதம் சென்சரை மாற்றினார்கள். அதன் பிறகும் அப்படியே. இடையில் ஹட்டனில் ஓர் எலக்ட்ரீஷியனிடம் காட்டியதால் உத்தரவாதம் செல்லாது என்று இப்போது சொல்கிறார்கள். காரைத் திருப்பிக் கொடுக்க முடியுமா?

பதில்: உங்கள் உரிமை இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. ஆனால் அதில் ஒரு பகுதிக்கான காலம் ஏற்கெனவே கடந்துவிட்டது, இன்னொரு பகுதிக்கான காலம் ஓடிக்கொண்டிருக்கிறது. ஆகவே இந்தப் பதிலை வாசித்த வாரத்திலேயே செயற்படுங்கள்.

எஞ்சின் உண்மையில் சூடாகாதபோது அதைப் பழுது என்று சொல்ல முடியுமா என்ற ஐயம் உங்கள் கடிதத்தில் தொனிக்கிறது. சொல்ல முடியும். 1896ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டத்தின்படி, இத்தகைய பொருளை விற்பதையே தொழிலாகக் கொண்டவர் விற்கும் பொருள் வணிகத் தகவுடைய தரத்தில், அதாவது வழமையான பாவனைக்கு ஏற்றதாக, இருக்க வேண்டும் என்பது ஒப்பந்தத்தில் எழுதப்படாவிட்டாலும் அடங்கியிருக்கும் நிபந்தனையாகும். ஒரு பக்கம் மலையும் மறுபக்கம் பள்ளமுமான வளைவில், பின்னால் பஸ் வந்துகொண்டிருக்கும்போது, காரணமின்றி நிறுத்தச் சொல்லும் வாகனம் அந்தத் தரத்தில் இருப்பதாக எந்த நிறுவனமும் எளிதில் வாதிட முடியாது. மலைப்பாதையில் ஓட்டுவதற்கென்று சொல்லி வாங்கியிருந்தால், குறித்த நோக்கத்துக்குப் பொருந்தவில்லை என்ற வாதமும் எழலாம். ஆயினும் வர்த்தகப் பெயரைச் சொல்லி வாங்கிய பொருளுக்கு அந்த வாதம் பலவீனமானது என்பதால், தரம் பற்றிய வாதத்தையே முன்னிறுத்துவது நல்லது.

"பழுது இல்லை" என்ற சொல்லை உடைக்க, பழுது எப்படி உண்டாகிறது என்பதை நீங்களும் ஓரளவு அறிந்திருக்க வேண்டும். கூலன்ட் வெப்பத்தை அளக்கும் சென்சரில் வெப்பம் கூடக்கூட மின்தடை குறையும். ஆகவே சென்சரிலிருந்து வரும் வயரின் உறை எங்காவது உராய்ந்து, வயர் வாகன உடலைத் தொட்டால், உள்ளிருக்கும் கணினி அதைக் கடும் வெப்பம் என்றே எடுத்துக்கொள்ளக்கூடும். அப்படியானால் சென்சரை மட்டும் மாற்றுவதால் பயனில்லை. சென்சர் சுற்றில் ஏற்படும் இந்தக் கோளாறுக்குக் கணினி பதிவுசெய்யும் பி0117 என்ற குறியீடும், உண்மையான அதிவெப்பத்துக்கு பி0217 என்ற வேறு குறியீடும் உண்டு. குறியீடு பதிவாகும் கணத்தில் வேகம், வெப்பநிலை போன்ற விபரங்களும் கணினியில் சேமிக்கப்படுவது வழக்கம். இவையே உங்கள் வழக்கின் உயிர்நாடியான சான்று என்பதால், அச்சுப் பிரதி கையில் கிடைக்கும்வரை எவரையும் குறியீட்டை அழிக்கவோ பற்றரியைக் கழற்றவோ விடாதீர்கள்.

நிறுவனம் எதிர்வாதமாக என்ன சொல்லும் என்பதையும் பார்க்க வேண்டும். 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் ஏறத்தாழ 94 பாகையிலேயே கொதிக்கும். அழுத்தத்தைக் காத்துக் கூலன்ட் எளிதில் கொதிக்காமல் தடுக்கும் ரேடியேட்டர் மூடி தளர்ந்திருந்தால் மலையில் உண்மையாகவே வெப்பச் சிக்கல் எழலாம். ஆகவே சுயாதீனமான மோட்டார் பொறியியலாளர் ஒருவரைக் கொண்டு, கொழும்பின் சமதரையில் அல்லாமல் கினிகத்தேனை ஏற்றத்திலேயே பரிசோதித்து, மூடி, கூலன்ட், வயர் இணைப்பு மூன்றையும் குறிப்பிட்டு எழுத்தில் அறிக்கை பெறுங்கள்.

எலக்ட்ரீஷியனைக் காரணம் காட்டுவது பலவீனமான வாதம். அவர் கைவைக்கும் முன்பே பழுது முறையிடப்பட்டிருந்தால், அதற்கு அவர் காரணமாக முடியாது. இதை நிறுவுவது பழுதுபார்க்கக் கொடுத்தபோது எழுதப்பட்ட ஜொப் கார்ட்டின் திகதிதான். நம் மக்களில் பலர் விளங்காத மொழியில் எழுதிய அந்தத் தாளில் கையெழுத்திட்டுவிட்டு வெறுங்கையோடு திரும்புவது எனக்கு மிகுந்த வேதனை தருகிறது. பிரதி தர மறுத்தால், கேட்டதையும் மறுத்ததையும் பதிவுத் தபாலில் எழுதி அனுப்புங்கள். உத்தரவாதப் புத்தகத்தின் சிறிய எழுத்து நிபந்தனைகளைப் பொறுத்தவரை, 1997ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க நியாயமற்ற ஒப்பந்த நியதிகள் சட்டம் பாவனையாளருக்குப் பாதுகாப்பளிக்கிறது.

இனிக் காலவரையறை. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின் 13ஆம் பிரிவின் கீழ், விற்பனை பற்றிய முறைப்பாட்டை விற்பனை நடந்து மூன்று மாதங்களுக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். அது உங்களுக்குத் தவறிவிட்டது. ஆனால் சேவை பற்றிய முறைப்பாட்டுக்கான மூன்று மாதங்கள் சேவை வழங்கிய நாளிலிருந்து ஓடுவதால், சென்ற மாதத்துப் பழுதுபார்ப்பு உரிய கவனத்தோடும் திறமையோடும் செய்யப்படவில்லை என்று இப்போதே முறையிடலாம். எழுதுவதற்குமுன் அதிகார சபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்தில் வழிமுறையைக் கேட்டறியலாம். முறைப்பாட்டைத் தமிழிலேயே எழுதுங்கள். அரச நிறுவனத்தோடு தமிழில் தொடர்பாடுவது அரசியலமைப்பு தரும் உரிமை.

நீங்கள் கேட்ட முக்கியமான கேள்விக்கு வருகிறேன். ஏழு மாதம் பாவித்த காரை ஏற்றுக்கொண்டதாகவே நீதிமன்றம் கருத இடமுண்டு என்பதால், திருப்பிக் கொடுத்து முழுப் பணத்தையும் பெறுவது கடினம். இலவசமாக முழுமையாகச் சீர்செய்து தரும்படியும், வாகனத்தின் பெறுமதி குறைந்ததற்கும் அலைச்சலுக்கும் ஏற்பட்ட செலவுக்கும் நட்டஈடு தரும்படியும் கோருவதே பலன் தரும் வழி. எழுத்திலான ஒப்பந்தம் மீறப்பட்டால் வழக்குத் தொடர ஆறு ஆண்டுகள் உண்டு. ஆனால் ஒப்பந்தம் கொழும்பில் செய்யப்பட்டிருப்பின் வழக்கும் பெரும்பாலும் அங்கேயே போகும். அந்தப் பயணச் செலவை எண்ணித்தான் முதலில் அதிகார சபைக்குப் போகச் சொல்கிறேன்.

கோரிக்கைக் கடிதத்தின் பிரதியை லீசிங் கம்பனிக்கும் அனுப்புங்கள். தவணை முடியும்வரை வாகனத்தின் உரிமை அவர்களுடையது. இந்தப் பிணக்கைக் காரணம் காட்டித் தவணையை நிறுத்தினால், நியாயம் உங்கள் பக்கம் இருந்தும் வாகனத்தை இழக்க நேரிடலாம். எச்சரிக்கை பொய் என்று நம்பி வண்டியை ஓட்டிக்கொண்டு போவதும் கூடாது. ஒருநாள் அது உண்மையாக இருந்து எஞ்சின் பழுதடைந்தால், நட்டம் உங்கள் கவனயீனத்தால் வந்ததென்று சொல்ல நிறுவனத்துக்கு வழி கிடைத்துவிடும். ஒவ்வொரு முறையும் பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி, எச்சரிக்கையும் கிலோமீற்றர் அளவும் தெரியும்படி படமெடுத்துத் திகதியோடு வைத்திருங்கள்.