கரும்பொருள் எல்லாம் கருந்துளைதானா?

அன்புள்ள ஐயா,

மகள் உயர்தரத்தில் பௌதிகவியல் படிக்கிறாள். கரும்பொருள் பற்றி நீங்கள் எழுதியதை வாசித்துவிட்டு, "கருந்துளையும் தெரியாது, இதுவும் தெரியாது, அப்ப ரெண்டும் ஒண்டுதானே அம்மா?" என்று கேட்டாள். அவள் சொல்வது சரியா? இது சம்பந்தப்பட்ட எதையாவது இங்கிருந்து வெறுங்கண்ணால் பார்க்க முடியுமா?

– ஒரு வாசகி, வெள்ளவத்தை

அன்புள்ள சகோதரிக்கு,

கரும்பொருள் என்றால் கண்ணுக்குத் தெரியாமல், ஈர்ப்பால் மட்டும் தன்னைக் காட்டிக்கொள்ளும் பொருள். பிள்ளையின் கேள்வியை இன்றைக்கும் ஆய்வாளர்கள் விடவில்லை. ஆனால் நாம் வழக்கமாகப் பேசும் கருந்துளைகளை முதலில் கழித்துவிட வேண்டும்.

பால்வீதியின் நடுவிலுள்ள கருந்துளை ஏறக்குறைய 40 லட்சம் சூரியன்களின் நிறை கொண்டது. பால்வீதியின் மொத்த நிறையோ சூரியனைப்போல் லட்சம் கோடி மடங்கு அளவில் இருக்கும். அதில் இது ஒரு மூலைக்கும் காணாது. தவிர, 1970இல் வேரா ரூபின், கென்ட் ஃபோர்ட் என்ற விண்ணியலாளர்கள் பால்வீதியைப் போன்ற அந்திரோமீடா விண்மீன் மண்டலத்தை அளந்தபோது, அதன் வெளிவிளிம்பிலும் சுற்றும் வேகம் குறையவில்லை. நிறையெல்லாம் நடுவில் குவிந்திருந்தால் ஓரத்தில் வேகம் விழுந்திருக்கும். ஆகவே கரும்பொருள் நடுவில் இல்லை, பரந்து கிடக்கிறது.

சரி, நட்சத்திரங்கள் செத்து உண்டான சின்னக் கருந்துளைகள் கணக்கில்லாமல் சிதறிக் கிடந்தால்? அதுவும் சரிவராது. அவை எல்லாம் ஒருகாலத்தில் சாதாரண அணுக்கள். பெருவெடிப்பின் முதல் சில நிமிடங்களில் உண்டான ஈலியம், டியூட்டீரியம் (கனமான ஐதரசன்) ஆகியவற்றின் அளவை வைத்து, பிரபஞ்சத்தில் மொத்தம் எவ்வளவு சாதாரணப் பொருள் இருக்கலாம் என்று கணக்குப் போட முடியும். பிளாங்க் விண்கலம் வேறு வழியில் அளந்தும் விடை ஒத்துவந்தது: பிரபஞ்சத்தின் மொத்தத்தில் சாதாரணப் பொருள் சுமார் 5 சதவீதம், கரும்பொருள் சுமார் 27. ஐந்துக்குள்ளிருந்து இருபத்தேழை எப்படி எடுப்பது? பலர் இந்த இடத்தைக் கவனிக்காமல் தாண்டிவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் முழு விவாதத்திலும் இதுதான் முக்கியமான படி.

மிஞ்சுவது ஒரே வழி. அணுக்கருக்களே சேராத அந்த முதல் விநாடிக்குள், அடர்த்தி கூடிய இடங்கள் நேரடியாக இடிந்து கருந்துளையாகியிருக்கலாம். 1971இல் ஸ்டீபன் ஹோக்கிங் இதை எழுதினார்; அவருக்கு முன்பே சோவியத்தில் செல்டோவிச்சும் நோவிகோவும் எழுதியிருந்தார்கள். இந்த ஆதிக் கருந்துளைகள் 5 சதவீதக் கணக்கில் சேராது. 2015இல் அமெரிக்காவிலுள்ள லைகோ கருவிகள் பிடித்த முதல் ஈர்ப்பலை (வெளியிலேயே பரவும் அதிர்வு), சூரியனைப்போல் 30 மடங்கு அளவிலான இரண்டு கருந்துளைகள் மோதி வந்தது. அவ்வளவு கனமானவற்றைப் பலர் எதிர்பார்த்திருக்கவில்லை. அப்புறமென்ன, கரும்பொருளே அகப்பட்டுவிட்டதோ என்று அடுத்த ஆண்டே கட்டுரைகள் வந்தன.

அதைச் சோதிக்க ஒரு வழி உண்டு. தூர நட்சத்திரம் ஒன்றுக்கும் நமக்கும் நடுவே கருந்துளை கடந்தால், அதன் ஈர்ப்பு ஒளியை வளைத்துக் குவிக்கும். நட்சத்திரம் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரகாசமாகி, அதே வேகத்தில் மங்கும், திரும்ப நடக்காது. சிலியிலிருந்து போலந்துக் குழுவொன்று, பால்வீதிக்குப் பக்கத்திலுள்ள சின்ன விண்மீன் மண்டலமான பெரிய மகெல்லன் மேகத்தில் ஏறக்குறைய 8 கோடி நட்சத்திரங்களை 20 ஆண்டுகள் இப்படிக் கவனித்தது. கரும்பொருள் முழுக்க 10 சூரிய நிறைக் கருந்துளைகளாக இருந்தால் 258 நிகழ்வுகள் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்தவை 13. அவற்றுக்கும் சாதாரண நட்சத்திரங்களே போதும் என்று 2024இல் அறிவித்தார்கள். லைகோ எழுப்பிய நம்பிக்கை அதோடு பெரிதாக அடிபட்டது.

மிகச் சின்னவையும் இல்லை: கருந்துளை மெல்ல மெல்லக் கசியவிடும் ஹோக்கிங் கதிர்வீச்சால் அவை எப்போதோ ஆவியாகியிருக்கும். இடையில் சிறுகோள் நிறையுள்ளவை மட்டும் இன்னும் தப்பி நிற்கின்றன. கோடி கோடி தொன் எடை, பருமனோ ஓர் அணுவளவு. ஒளியின் அலைநீளத்தைவிடச் சின்னதாயிருப்பதால் அது ஒளியைச் சரியாகக் குவிக்காது; மேலே சொன்ன முறைக்குச் சிக்காது. தவிர, நம் பக்கத்தில் கரும்பொருள் மிக ஐதானது: பூமியளவு இடத்தில் ஒரு பைக்கற் சீனி போல அரைக் கிலோ. எல்லாமே இந்த அணுவளவுக் கருந்துளைகள் என்றால், புளூட்டோ வரையான தூரத்தைப் பக்கமாகக் கொண்ட கனசதுரப் பெட்டிக்குள் ஏறக்குறைய ஒன்று கிடைக்கும். எங்கே தேடுவது?

ஆகவே மகளிடம், "ஒன்றாக இருக்கவும் வாய்ப்புண்டு, ஆனால் நீ நினைக்கும் கருந்துளை அல்ல" என்று சொல்லுங்கள். என்னைப் பந்தயம் கட்டச் சொன்னால், கரும்பொருள் இன்னும் அறியாத ஏதோவொரு வகைத் துகள் என்ற பக்கம்தான் கட்டுவேன். இத்தனை ஆண்டுகள் தேடியும் அந்தத் துகளும் அகப்படவில்லை என்பது வேறு கதை.

பார்ப்பதற்கு: அதே மகெல்லன் மேகம்தான். வெள்ளவத்தைக் கடற்கரை மேற்கே பார்ப்பது. தெற்கிலோ தெஹிவளை வெளிச்சம். ஜனவரிக் கடைசியில், நிலவில்லாத இரவு ஒன்பது மணிபோல் இலங்கையின் தென்கோடியான தெய்வேந்திரமுனைப் பக்கம் போங்கள். தெற்கே பளிச்சென்று தெரியும் அகத்திய நட்சத்திரத்துக்குக் கீழே, சற்று வலப்பக்கமாக, கடலிலிருந்து 14 பாகை உயரத்தில் மங்கலான ஒரு புகைத் திட்டு. வெளிச்சவீட்டுக்கு முதுகைக் காட்டி நின்று, கண் பழகக் கால்மணி நேரம் கொடுங்கள். கைபேசியை எடுக்க வேண்டாம்.