அம்மாவுக்காக நம்புவதாகச் சொல்லிவிடலாமா?

கேள்வி: எனக்கு வயது 29. கத்தோலிக்கக் குடும்பம். ஆஃபீர் ரோட்டு லூர்து அன்னை ஆலயத்தில் தமிழ்ப் பூசை கண்டு வளர்ந்தவன். ஆறேழு வருடமாக எனக்குக் கடவுள் நம்பிக்கை இல்லை. கோபத்தில் விட்டதல்ல, மெல்ல மெல்லப் போய்விட்டது. அம்மாவுக்குச் சிறுநீரகம் செயலிழந்து வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். நான்தான் கூட்டிப்போகிறேன். "பாவசங்கீர்த்தனம் பண்ணி நன்மை வாங்கிக்கடா, இல்லேன்னா மோட்சத்துல உன்னைப் பார்க்க மாட்டேன்" என்று அழுகிறார். குருவிடம் பாவங்களை அறிக்கையிட்டு, பூசையில் நற்கருணை அப்பம் வாங்கச் சொல்கிறார். அக்காவோ, "நம்பினா என்ன நட்டம்? மோட்சம் இருந்தா லாபம், இல்லேன்னா ஒண்ணுமில்லை" என்கிறாள். பேசாமல் நம்புவதாகச் சொல்லிவிடட்டுமா?
- பெயர் வேண்டாம், யீஷூன்

பதில்: வேண்டாம், தம்பி. அப்படிச் சொல்லாதீர்கள்.

அக்கா போடும் கணக்கு பழைய கணக்கு. பிரெஞ்சுக் கணித மேதை பிலேஸ் பாஸ்கல் எழுதி வைத்து, அவர் இறந்தபின் 1670இல் அச்சான குறிப்புகளில் இதே பந்தயம் இருக்கிறது. ஆனால் முடிவெடுத்த மாத்திரத்தில் நம்பிக்கை வந்துவிடாது என்பது பாஸ்கலுக்கே தெரியும். நம்ப முடியவில்லையே என்பவனுக்கு அவர் சொன்ன வழி: நம்புகிறவர்கள் செய்வதைச் செய், தீர்த்தம் தொட்டுக்கொள், பூசை காண், நாளடைவில் வரும். நீங்கள் சின்ன வயதிலிருந்து அதைத்தானே செய்தீர்கள்? அதையெல்லாம் செய்துவிட்டு வந்து நிற்பவரிடம் அந்தக் கணக்குக்குச் சொல்ல மிச்சம் ஒன்றுமில்லை.

எதிர் புளோக்கில் விளக்கு எரிகிறது. எரியவில்லை என்று நம்புங்கள், ஆயிரம் வெள்ளி தருகிறேன் என்றால் உங்களால் முடியுமா? எரியவில்லை என்று வாயால் சொல்லலாம், அவ்வளவுதான். மோட்சத்தைக் காட்டினாலும் நரகத்தைக் காட்டினாலும் அதே கதைதான். எந்த நரகத்தை வைத்துப் பந்தயம் கட்டுவது என்பது வேறு கேள்வி. சீனப் புராணச் சிலைப் பூங்காவான ஹா பார் வில்லாவின் பத்து நரக மன்றங்களைச் சின்ன வயதில் பார்த்துவிட்டு மூன்று ராத்திரி தூங்காதவள் நான். அங்கேகூடப் பத்தாவது மன்றத்தில் மறதித் தேநீர் கொடுத்து மறுபிறவிக்கு அனுப்பிவிடுகிறார்கள். அம்மா பயப்படும் நரகத்தில் வெளியே வர வழியே கிடையாது.

ஆனால் உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது வேறு. அம்மா சொன்னதாக நீங்கள் எழுதியதில் நரகம் என்ற சொல்லே இல்லை, கவனித்தீர்களா? "உன்னைப் பார்க்க மாட்டேன்" என்றுதான் அழுகிறார். வாரம் மூன்று நாள் மெஷினோடு கட்டுண்டு படுத்திருப்பவருக்குச் சாவு நினைவு வராமல் இருக்காது. அந்த நினைவில் அவர் தேடுவது உங்கள் முகத்தை. அதற்குப் போய் ஒரு பொய்யைப் பதிலாகக் கொடுப்பீர்களா?

அதுவும் என்ன பொய்! நம்பாமல் போய் நன்மை வாங்குவது அவருடைய மதத்திலேயே பெரிய தவறு. அம்மாவைச் சமாதானப்படுத்த, அவர் உயிராக மதிப்பதை நீங்கள் நடிப்பாக்கிவிடுவீர்கள். ஒரு நாள் தெரியவந்தால் தாங்கமாட்டார்.

அவருடைய திருச்சபை 1964இல், இரண்டாம் வத்திக்கான் சங்கத்தில், தங்கள் குற்றமில்லாமல் கடவுளைத் தெளிவாக அறியாமல் இருந்து நல்வாழ்வு வாழ முயல்கிறவர்களுக்கும் மீட்புக்கு வேண்டிய உதவியைக் கடவுள் மறுப்பதில்லை என்று எழுதியது. ஞானஸ்நானம் பெற்று வளர்ந்த உங்களுக்கு அது எவ்வளவு பொருந்தும் என்பதைக் குருமார்தான் சொல்ல வேண்டும். அம்மாவைப் பங்குத்தந்தையிடம் தனியாகப் பேசவிடுங்கள். நீங்கள் வெளியே உட்காருங்கள். மகன் வாயால் கேட்டால் வாதம்போல் இருக்கும், சாமியார் வாயால் கேட்டால் ஆறுதலாக இருக்கும்.

மத்தேயு 25ஆம் அதிகாரத்தையும் அம்மாவையே வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். கடைசித் தீர்ப்பில் செம்மறியாடுகளை வலப்பக்கமும் வெள்ளாடுகளை இடப்பக்கமும் பிரிக்கிற இடம். பசித்தவனுக்குச் சோறு போட்டாயா, நோயாளியைப் போய்ப் பார்த்தாயா என்பதுதான் அங்கே கணக்கு. நான் கத்தோலிக்கர் இல்லை, மாரியம்மனைக் கும்பிடுகிறவள். ஆனாலும் அந்தப் பக்கத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும்.

என் அப்பா சுயமரியாதைக்காரர். 1932இல் தொடங்கிய தமிழர் சீர்திருத்தச் சங்கத்தின் கூட்டங்களுக்குப் போய் வந்தவர், கோயில் வாசலை மிதிக்காதவர். அம்மாவோ தீமிதியன்று சிராங்கூன் ரோடு பெருமாள் கோயிலிலிருந்து சௌத் பிரிட்ஜ் ரோடு மாரியம்மன் கோயில்வரை வெறுங்காலில் நடப்பார். அப்பா கூடவே நடப்பார். ஒரு கையில் தண்ணீர்ப் போத்தல், இன்னொரு கையில் அம்மாவின் செருப்பு, பழைய தமிழ் முரசில் சுற்றியது. கோயில் வாசல் வந்ததும் எதிர்ப்பக்க ஐந்தடிப்பாதையில் நின்றுகொள்வார். அம்மா திரும்பி வர எத்தனை மணியானாலும் அங்கேயே நிற்பார். கும்பிட்டதாக ஒரு நாளும் நடித்ததில்லை. அம்மாவும் கேட்டதில்லை. அம்மாவின் கடைசி நாள்களில் நெற்றியில் திருநீறு பூசிவிட்டது அப்பாதான்.

அதனால் உண்மையையே சொல்லுங்கள், தம்பி, ஆனால் வாதமாக வேண்டாம். "அம்மா, எனக்கு நம்பிக்கை வரலை, உங்ககிட்ட நடிக்கவும் மனசு வரலை. நீங்க சொல்ற மோட்சம் இருந்தா அங்க உங்களைத்தான் தேடுவேன்" என்று சொல்லலாம். இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. மெஷின் ஓடும்போது, ஊசி குத்தாத கையைப் பிடித்துக்கொண்டு சொல்லுங்கள். உடனே அழுவார். அழட்டும், எழுந்து போய்விடாதீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு நீங்களே கூட்டிப்போங்கள். நன்மை வாங்க அவர் வரிசையில் நிற்கும்போது நீங்கள் பெஞ்சிலேயே உட்கார்ந்து அவர் கைப்பையைப் பார்த்துக்கொள்ளுங்கள். திரும்பி வரும்போது அவர் கண் உங்களைத்தான் தேடும்.