கொச்சி அறையில் ஒரு ஊர்

கேள்வி: மூணாறு பக்கம் தேயிலை எஸ்டேட் லயத்தில், அதாவது எஸ்டேட் கொடுத்த வரிசை வீட்டில் இருக்கிறோம். மகன் கொச்சியில் வேலை பார்க்கிறான். ஊரில் இருந்தவரை மலையாளப் பாட்டும் பந்து விளையாட்டுமாகத் திரிந்தவன், இப்போது மூணாறு, வண்டிப்பெரியாறு பசங்களோடு அறை எடுத்துத் தங்கி, 'மலைத் தமிழன்டா' என்று எழுதிய ஒரே மாதிரி பனியனில் படம் அனுப்புகிறான். கட்சி, தகராறு என்று போய்விடுவானோ?

பதில்: பயப்படாதீர்கள் அம்மா. லயத்தில் நாலு பக்கமும் தமிழ்தான். அங்கே யாரிடம் போய் தமிழன் என்று சொல்வது? கொச்சியில் தமிழன் என்று கேலியாக இவனைப் 'பாண்டி' என்பார்கள். கோயம்புத்தூர் போனால் பேச்சைக் கேட்டுவிட்டு மலையாளியா என்பார்கள். பசங்க ஒன்றுகூடத்தான் செய்வார்கள்.

நான் மலையில் தமிழ் வாத்தியாராக இருந்தபோது பெரியவர்கள் முதலில் விசாரிப்பது பூர்வீகம் சங்கரன்கோவிலா தேனியா, எந்தத் தொழிற்சங்க யூனியன் என்பதைத்தான். 1956-இல் மாநிலங்களைப் பிரித்தபோது, தமிழர்கள் நிறைந்த தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு நின்றதைப் பற்றித் தாத்தாக்கள் பேசப் பேச, பேரன்கள் எழுந்து போய்விடுவார்கள். யூனியன் பிடிப்பும் 2015 செப்டம்பரில் ஆட்டம் கண்டது. 'பொம்பிளை ஒருமை' (பெண்கள் ஒற்றுமை) என்று சொல்லி, யூனியன் தலைவர்களைத் தள்ளி நிறுத்திவிட்டு, தேயிலைத் தோட்டப் பெண்களே மூணாறு ரோட்டில் உட்கார்ந்து 20 சதவீத போனஸை வாங்கினார்களே! உங்கள் மகன் அப்போது பள்ளிக்கூடப் பையனாக இருந்திருப்பான். கட்சிக் கொடி இல்லாமலும் கூட்டம் சேரலாம் என்று அந்த வயதுப் பிள்ளைகள் அம்மாக்களிடம்தான் பார்த்தார்கள். கட்சி இழுத்துவிடுமோ என்று நீங்கள் கேட்பதுதான் எனக்குச் சிரிப்பாக இருக்கிறது.

இன்னொன்று வீடு. எஸ்டேட்டில் வேலை இருக்கும் வரைதான் லயம். ஓய்வு பெற்றால் காலி செய்ய வேண்டும். பாட்டன் கிராமத்திலோ இவனை யாருக்கும் தெரியாது. அந்த அறைதான் இப்போதைக்கு ஊர். வேலைக்கு ஆள் சொல்வது, அட்வான்ஸுக்குப் பணம் புரட்டுவது, காய்ச்சல் வந்தால் கஞ்சி வைப்பது எல்லாம் அங்கேதான் நடக்கும்.

ஒன்றாகச் சேர்ந்து என்ன செய்கிறார்கள் என்று மட்டும் கேளுங்கள். பொங்கலுக்கு வண்டி பிடித்து ஊருக்கு வருகிறார்கள், டீம் சேர்த்து விளையாடுகிறார்கள் என்றால் சரி. ராத்திரியெல்லாம் போனில் மலையாளிகளைத் திட்டும் வீடியோதான் சுற்றுகிறது என்றால் கண்டியுங்கள். கூட வேலை பார்க்கும் மலையாளிப் பையன் அந்த அறையில் வந்து சாப்பிடுவானா என்றும் கேட்டுப் பாருங்கள்.

அப்புறம், அடுத்த முறை அவன் வரும்போது, லயத்தை விட்டபின் எங்கே குடியேறுவது என்ற பேச்சை நீங்களே எடுங்கள். அவனாக எடுக்க மாட்டான்.