காட்டுப்பன்றிக்கு எந்தத் தோட்டா வாங்குவது?

கேள்வி: டெக்சாஸில் இருக்கிறேன், எச்-1பி விசா. நண்பர் தன் பண்ணைக்குக் காட்டுப்பன்றி வேட்டைக்குக் கூப்பிடுகிறார். துப்பாக்கி அவருடையது, 10 மி.மீ. கிளாக் 20 கைத்துப்பாக்கி. தோட்டாவை நான் வாங்கி வர வேண்டுமாம். கடையில் தற்காப்புக்கென்று விற்கிற ஹாலோ பாயிண்ட் (முனையில் குழி உள்ள குண்டு) போதுமா?

பதில்: போதாது. தோட்டாவைத் தொடும் முன்பே ஒரு காரியம் பாக்கி இருக்கிறது. தனியார் நிலத்தில், உரிமையாளர் சம்மதத்தோடு பன்றி சுட டெக்சாஸில் 2019 முதல் வேட்டை உரிமம் தேவையில்லை. இதை நம்பி நம் ஆட்கள் சும்மா போய்விடுகிறார்கள். ஆனால் எச்-1பி மாதிரி விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கவே மத்தியச் சட்டம் தடை போடுகிறது, காலாவதியாகாத வேட்டை உரிமம் இருந்தால்தான் விலக்கு. பன்றிக்காக இல்லாவிட்டாலும் உங்களுக்காக அதை எடுத்தே ஆக வேண்டும், எடுத்த பிறகு கடைக்குப் போங்கள்.

சரி, தோட்டா. வளர்ந்த ஆண் பன்றியின் தோளில் தோலுக்கடியில் கெட்டியான கவசம் மாதிரி ஒன்று இருக்கும். நான் அறுத்த ஒரு பன்றியில் அது கட்டைவிரல் கனம், கத்தி ரப்பர் செருப்பில் இறங்குவதுபோல் திக்கித் திக்கித்தான் இறங்கியது. தற்காப்பு ஹாலோ பாயிண்ட் உள்ளே போனதும் சீக்கிரமே விரிந்துவிடும்படி செய்தது, இந்தக் கவசத்திலேயே விரிந்து நின்றுவிட்டால் காயம்பட்ட பன்றி புதருக்குள் ஓடி மணிக்கணக்கில் துடிக்கும், அந்தப் பாவம் வேண்டாம். ஆழமாகப் பாயும் குண்டுதான் வேண்டும். 200 கிரெயின் (சுமார் 13 கிராம்) எடையில், தட்டை மூக்கோடு, செம்பு உறை போட்டதாகக் கேளுங்கள். கெட்டி ஈய வார்ப்புக் குண்டு இன்னும் ஆழம் போகும்தான், ஆனால் உறையில்லாத ஈயம் வேண்டாம் என்று கிளாக் கையேடே சொல்கிறது.

அப்புறம் பெட்டியின் பக்கவாட்டைப் படியுங்கள். 10 மி.மீ. என்று போட்டிருந்தாலும் பல பெட்டிகளில் வெடிமருந்து குறைவு. 180 கிரெயினுக்கு நொடிக்கு 1,030 அடி என்று இருந்தால் வைத்துவிடுங்கள், அது பயிற்சிக்கு. அதே 180 கிரெயினுக்கு 1,250க்கு மேல் இருப்பதுதான் முழு வேகம். வேட்டைத் தோட்டா பெரும்பாலும் 20 எண்ணம், பயிற்சித் தோட்டா 50, அதனால் பெட்டி விலையைப் பார்க்காமல் ஒரு தோட்டாவுக்கு எவ்வளவு என்று கணக்குப் போடுங்கள். இரண்டு பெட்டி வாங்கி ஒன்றை முழுக்க நண்பரின் துப்பாக்கியிலேயே சுட்டுப் பாருங்கள், எத்தனை கஜம் வரை குண்டெல்லாம் உள்ளங்கை அகலத்துக்குள் விழுகிறதோ அதுதான் உங்கள் தூரம். பன்றியின் இதயம் தாழ்வாக, முன்னங்கால்களுக்கு நடுவே இருக்கும். அறுக்கும்போது கையுறை கட்டாயம், ரத்தத்தின் வழியாக புரூசெல்லோசிஸ் என்ற பாக்டீரியா நோய் தொற்றும்.